குடத்திலிட்ட விளக்கு

குடத்திலிட்ட விளக்கு, குன்றின் மேலிட்ட விளக்கு என்று இருவகை விளக்குகளைப் பற்றி நம் முன்னோர் கூறுவதுண்டு. இரண்டிலும் எரிவது ஒரே திரிதான், ஒரே எண்ணெய்தான். வைக்கப்பட்ட இடம் ஒன்றே வேறு. இன்று நம்மில் பலருடைய இல்லங்களில் இத்தகைய விளக்கு ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் எரிந்து கொண்டிருக்கிறது. அதுவே வைஃபை ரூட்டர் என்னும் சிறு பெட்டி. அதனைக் குடத்திற்குள் வைத்துவிட்டு, "வெளிச்சம் போதவில்லையே!" என்று வருந்துகிறோம். இவ்வாண்டு எங்கள் விஞ்ஞான மன்றத்தின் சார்பில் நாங்கள் ஐவர் ஒரு தோழியின் வீட்டில் செய்த சிறு ஆராய்ச்சியை, மலர் வாசகர்களாகிய உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

ஆராய்ச்சி தொடங்கிய கதை

எங்கள் தோழியின் தந்தை வளைகுடா நாட்டில் பணிபுரிகிறார். ஞாயிறுதோறும் மாலையில் அவர் வீடியோ அழைப்பில் வருவார். தோழியின் ஆச்சி இடுப்பெலும்பு முறிந்து, வீட்டின் பின்கட்டு அறையில் படுக்கையில் இருக்கிறார்கள். கூடத்தில் தெளிவாகத் தெரியும் தந்தையின் முகம், கைப்பேசியை ஆச்சியின் அறைக்குக் கொண்டு சென்றதும் உறைந்துவிடும். குரல் துண்டு துண்டாகும். சிறிது நேரத்தில் அழைப்பே அறுந்துவிடும்.

"அவனுக்கு என்னோடு பேச நேரமில்லை, அதனால்தான் போனை வைத்துவிடுகிறான்" என்று ஆச்சி எண்ணிக்கொண்டார்கள். எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் அவர்கள் மனம் ஆறவில்லை. தோழியின் தாயாரோ, மாதக் கட்டணம் அதிகமான திட்டத்திற்கு மாறிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தார். அதற்காகத் தையற்கூலியில் மிச்சம் பிடிக்கவும் தொடங்கிவிட்டார்.

இச்செய்தியைத் தோழி வகுப்பில் சொன்னபோது, எங்கள் அறிவியல் ஆசிரியையாகிய அருட்சகோதரி அவர்கள், "பணத்தைச் செலவிடுமுன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்" என்றார்கள். அன்றே எங்கள் பணி தொடங்கியது.

வைஃபை என்பது யாது?

வைஃபை என்பது வானொலி அலையே. 1880களின் இறுதியில் ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிக் காட்டிய அதே இனத்து அலை. நம் நாட்டு அறிஞர் ஜகதீச சந்திர போஸ் 1894 முதல் 1896 வரையிலான ஆண்டுகளில் கல்கத்தாவில் நடத்திய சோதனைகளில், மிகக் குறுகிய அலைகளைச் சுவருக்கு அப்பால் செலுத்தி மணியை ஒலிக்கச் செய்தார் என்பதை நாம் பெருமையுடன் நினைவுகூரலாம். 1942ஆம் ஆண்டில், ஹெடி லமார் என்னும் திரைப்பட நடிகையும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தெயிலும், அலைவரிசையை மாற்றி மாற்றித் தாவச் செய்து செய்தி அனுப்பும் முறை ஒன்றிற்குக் காப்புரிமை பெற்றனர். 1997ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் வைஃபை தரவிதியில் இவ்வகைத் தாவும் முறையும் ஒரு வழியாக இடம்பெற்றிருந்தது. பெண்ணொருத்தியின் பெயர் இவ்வரலாற்றில் இருப்பது நம் பள்ளியின் மாணவியருக்கு ஊக்கம் தரும் செய்தியன்றோ? 'வைஃபை' என்ற பெயர் 1999ஆம் ஆண்டில் வழக்கிற்கு வந்தது.

வீட்டு ரூட்டர்கள் பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் பேசுகின்றன. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸ். முதலாவதின் அலைநீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர், இரண்டாவதன் அலைநீளம் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2005ஆம் ஆண்டிலும், 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை விரிவாக 2018ஆம் ஆண்டிலும், குறைந்த ஆற்றலுள்ள கருவிகளுக்கு உரிமம் இன்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டன.

இவ்விரண்டின் குணங்களை நினைவில் வைப்பது எளிது. 2.4 மெதுவாக நடக்கும். ஆயினும் நெடுந்தூரம் செல்லும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். 5 விரைந்தோடும், ஆயினும் விரைவில் களைத்துவிடும், சுவரைக் கண்டால் மிகவும் தளர்ந்துவிடும்.

அலையை அளப்பது எப்படி?

கைப்பேசியில் காணும் கோடுகளை நம்பி ஆராய்ச்சி செய்ய இயலாது. ஒரு நிறுவனத்தின் கைப்பேசியில் மூன்று கோடு என்பது மற்றொன்றில் இரண்டு கோடாக இருக்கும். அலையின் வலிமையை டெசிபெல் மில்லிவாட் என்ற அலகில் காட்டும் இலவசச் செயலிகள் உள்ளன. அதில் வரும் எண்கள் எல்லாம் கழித்தல் குறியுடன் இருக்கும். எண் பூச்சியத்தை நெருங்க நெருங்க அலை வலிமையானது. கழித்தல் 50 நன்று. கழித்தல் 67 வரை வீடியோ அழைப்பு தடையின்றி நடக்கும் என்று கொள்ளலாம். கழித்தல் 70ஐத் தாண்டினால் தொல்லை தொடங்கும். கழித்தல் 80ஐத் தாண்டினால் பயனில்லை.

இங்கே ஒரு கணக்கு உண்டு. 3 டெசிபெல் குறைந்தால் ஆற்றல் பாதியாகிறது. 10 டெசிபெல் குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிறது. ஆகவே கழித்தல் 40க்கும் கழித்தல் 70க்கும் உள்ள வேறுபாடு ஆயிரம் மடங்கு! மேலும், வெட்டவெளியில் தொலைவு இரட்டித்தால் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகும். அதாவது 6 டெசிபெல் குறையும். வீட்டிற்குள்ளோ சுவர்களின் இழப்பும் சேர்ந்துகொள்ளும்.

நாங்கள் வீட்டின் வரைபடத்தை ஒரு தாளில் வரைந்தோம். ஒவ்வோர் அறையிலும் நின்று, ஒரு நிமிடம் பொறுத்து, எண்ணைக் குறித்தோம். கூடத்தில் கழித்தல் 45. நடு அறையில் கழித்தல் 66. சமையலறையில் கழித்தல் 74. ஆச்சியின் அறையில் கழித்தல் 84. காரணம் எங்கே இருக்கிறது என்பது அத்தாளிலேயே தெரிந்துவிட்டது.

அதற்குமுன் மற்றொரு சோதனையும் செய்தோம். மடிக்கணினி ஒன்றைக் கம்பி மூலம் ரூட்டரோடு இணைத்து இணைய வேகத்தைப் பார்த்தோம். தாயார் கட்டணம் செலுத்திய வேகம் முழுமையாக வந்தது. வெளியிலிருந்து வீட்டிற்கு வரும் குழாயில் நீர் குறைவில்லை. வீட்டிற்குள் அதனை ஏந்திச் செல்வதில்தான் குறை. எனவே பெரிய திட்டத்திற்கு மாறியிருந்தாலும் ஆச்சியின் அறையில் எந்த மாறுதலும் நேர்ந்திராது. இந்த ஒரு சோதனையால் மாதந்தோறும் போகவிருந்த பணம் தப்பியது. கம்பியில் பார்க்கும்போதே வேகம் குறைவாக இருந்தால், குற்றம் வைஃபையில் இல்லை. அப்போது இணைப்பு தருபவர்களிடம் முறையிட வேண்டும்.

சுவரும் பீரோவும்

ரூட்டர் இருந்த இடத்தைச் சென்று பார்த்தோம். கூடத்தின் மூலையில், தரையில், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால், இரும்பு பீரோவை ஒட்டி, ஒரு துணியால் மூடப்பட்டிருந்தது. தூசி படியாதிருக்க வேண்டும் என்று தாயார் மூடி வைத்திருந்தார். இதுதான் குடத்திலிட்ட விளக்கு!

அலையை எப்பொருள் எவ்வளவு தடுக்கும் என்பதை வரிசைப்படுத்தினால், மரக்கதவு சிறிதளவே தடுக்கும். செங்கற்சுவர் அதனினும் மிகுதியாகத் தடுக்கும். கம்பி வைத்துக் கட்டிய கான்கிரீட் சுவரும் தளமும் மிக அதிகமாகத் தடுக்கும். உலோகத்தகடு அலையைத் திருப்பியே அனுப்பிவிடும். ஆகவே பீரோ, குளிர்சாதனப் பெட்டி, முகம் பார்க்கும் பெரிய கண்ணாடி ஆகியன ரூட்டரின் அருகில் ஆகாதவை. தண்ணீரும் அலையை விழுங்கும். மீன் தொட்டியும் தண்ணீர்த் தொட்டியும் இதில் அடங்கும்.

சுவரின் பருமன் மட்டுமன்று, அலை அதனைக் கடக்கும் கோணமும் முக்கியம். 9 அங்குலச் சுவரை நேராகக் கடந்தால் 9 அங்குலம்தான். மிகவும் சாய்வாகக் கடந்தால் அதே சுவர் இரண்டடிச் சுவர் போலாகிவிடும். மூலையில் வைத்த ரூட்டரின் அலை பெரும்பாலும் சாய்வாகவே சுவர்களைக் கடக்க நேரிடுகிறது.

முதற் சிகிச்சை: இடமாற்றம்

ரூட்டரை வீட்டின் நடுப்பகுதிக்கு நெருக்கமாக, ஆளுயரத்திற்குச் சற்று மேலே, நாற்புறமும் திறந்திருக்கும்படி வைப்பதே தலையாய மருந்து. இதற்குச் செலவில்லை. தோழியின் வீட்டில் கண்ணாடி இழைக் கம்பி சில மீட்டர் உபரியாகப் பீரோவின் பின்னே சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. கண்ணாடி இழையை மடித்தால் ஒடிந்துவிடும் என்பதால் நாங்கள் அதனைத் தொடவில்லை. இணைப்பு தந்தவர்களின் பணியாளர் வந்து, கூடத்திற்கும் நடு அறைக்கும் இடையிலுள்ள வாசற்படியின் அருகே, சுவரில் உயரமாகப் பெட்டியை மாற்றி வைத்தார்.

மீண்டும் அளந்தோம். நடு அறையில் கழித்தல் 55. சமையலறையில் கழித்தல் 65. ஆச்சியின் அறையில் கழித்தல் 75. ஏறத்தாழ 10 டெசிபெல் முன்னேற்றம். அதாவது பத்து மடங்கு ஆற்றல், ஒரு காசு செலவின்றி!

ரூட்டரின் கொம்புகளைப் பற்றியும் ஒரு சொல். நேராக நிற்கும் கொம்பிலிருந்து அலை பக்கவாட்டில், மெதுவடையின் வடிவில் பரவுகிறது. கொம்பின் நுனி நோக்கும் திசையில் அலை மிகக் குறைவு. ஆகையால் ஒரே தளமுள்ள வீட்டில் கொம்புகளை நிமிர்த்தி வைக்க வேண்டும். மாடி வீடாயின் ஒன்றை நிமிர்த்தியும் மற்றொன்றைப் படுக்கை வாட்டில் சாய்த்தும் வைத்துப் பார்க்கலாம். கொம்புக்குப் பின்னால் தகரத் தகட்டை வைத்தால் ஒருபுறம் அலை கூடும் என்பது உண்மையே. ஆனால் மறுபுறம் குறைந்துவிடும். புதிய அலை எதுவும் பிறப்பதில்லை.

இரண்டாம் சிகிச்சை: வரிசையும் வழித்தடமும்

அருகிலுள்ள அறைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையையும், தொலைவிலுள்ள அறைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையையும் பயன்படுத்துதல் நன்று. 2.4 வரிசையில் 13 வழித்தடங்கள் நம் நாட்டில் உண்டு. ஆனால் அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பவை. ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 என்ற மூன்றே. பக்கத்து வீட்டு ரூட்டர்களெல்லாம் 6இல் பேசிக்கொண்டிருந்தால், நாம் 1க்கோ 11க்கோ மாறிக்கொள்வது அறிவுடைமை. சந்தையில் எல்லோரும் ஒரே மூலையில் நின்று பேசினால் யார் குரலும் கேளாது அல்லவா?

மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸ் அருகிலேயே இயங்குவதால், அது ஓடும்போது 2.4 வரிசைக்கு இடையூறு நேரும். ப்ளூடூத் கருவிகளும் அவ்வரிசையிலேயே பேசுகின்றன.

இன்னொன்றையும் நாம் மறத்தலாகாது. வைஃபை இருவர் உரையாடல். ரூட்டர் பேசுவது நமக்குக் கேட்டால் மட்டும் போதாது. நம் கைப்பேசி மறுமொழி கூறுவது ரூட்டருக்கும் கேட்க வேண்டும். கைப்பேசியின் குரல் சிறியது. ஆகவேதான், ரூட்டரின் ஆற்றலை மட்டும் கூட்டுவதால் பெரும்பயன் விளைவதில்லை.

நாங்கள் செய்த தவறு

கழித்தல் 75 ஆச்சிக்குப் போதவில்லை. குரல் கேட்டது, படமோ இன்னும் கட்டங்கட்டமாகவே வந்தது. எங்களுள் ஒருத்தி தன் வீட்டிலிருந்து ரிப்பீட்டர் என்னும் கருவியைக் கொண்டு வந்தாள். வலிகுன்றிய அலையை வாங்கி மீண்டும் உரக்கச் சொல்லும் கருவி அது. நாங்கள் அதனை ஆச்சியின் கட்டிலுக்கு அருகிலேயே செருகினோம். கைப்பேசியில் கோடுகள் அனைத்தும் நிறைந்துவிட்டன! எல்லோரும் கைதட்டினோம். ஆனால் படம் முன்போலவே உறைந்தது.

அருட்சகோதரி அவர்களிடம் சென்று நின்றோம். "காதுகேளாத ஒருவரை நடுவில் வைத்து, உரக்கச் சொல்லும்படி கேட்டால் என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டார்கள். எங்களுக்கு விளங்கிவிட்டது. கைப்பேசி காட்டிய கோடுகள், கைப்பேசிக்கும் ரிப்பீட்டருக்கும் இடையே உள்ள அலைக்குரியவை. ரிப்பீட்டரோ அதே நலிந்த அலையைத்தான் பெற்றுக் கொண்டிருந்தது. அதனை நலிந்த இடத்தில் வைக்கக்கூடாது. அலை இன்னும் நன்றாக இருக்கும் நடுவழியில் வைக்க வேண்டும்.

சமையலறை வாசலில் கழித்தல் 62 இருந்தது. அங்கே மாற்றி வைத்ததும் படம் ஓடியது. ஆயினும் வேகம் ஏறத்தாழ பாதியாயிற்று. ஒரே வரிசையில் கேட்கவும் சொல்லவும் வேண்டியிருப்பதால், ரிப்பீட்டர் ஒவ்வொரு செய்தியையும் இருமுறை காற்றில் அனுப்ப நேர்கிறது. அதுவே காரணம்.

மூன்றாம் சிகிச்சை: கம்பி

கம்பியில்லாத் தொல்லைக்கு ஆகச் சிறந்த மருந்து கம்பியே என்றால் வியப்பாக இருக்கும். தோழியின் அண்ணன் முன்னர் பயன்படுத்திய பழைய ரூட்டர் பரணில் கிடந்தது. புதிய ரூட்டரிலிருந்து சுவர் ஓரமாக ஆச்சியின் அறைவரை ஈத்தர்நெட் கம்பியை இழுத்தோம். இவ்வகைக் கம்பி 100 மீட்டர் வரை தடையின்றி வேலை செய்யும். எந்த வீட்டிற்கும் இது போதும். பழைய ரூட்டரில் 'ஆக்ஸஸ் பாயிண்ட்' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தோம். அவ்வமைப்பு இல்லாத பெட்டியாயின், முகவரி வழங்கும் வேலையை அதில் நிறுத்திவிட்டு, அதற்கென வேறொரு முகவரியைக் கொடுத்து, 'லேன்' என்று குறித்த துளையில் கம்பியைச் செருக வேண்டும். ஒரே வீட்டில் இரு பெட்டிகள் முகவரி வழங்கினால் குழப்பமே மிஞ்சும்.

இரு பெட்டிகளுக்கும் ஒரே பெயரையும் ஒரே கடவுச்சொல்லையும் கொடுத்தோம். நடக்கும்போது கைப்பேசி தானே அருகிலுள்ள பெட்டிக்கு மாறிக்கொள்ள இது உதவும். வழித்தடம் மட்டும் ஒன்றிற்கு 1, மற்றதற்கு 11 என வேறுபடுத்தினோம். ஆச்சியின் அறையில் இப்போது கழித்தல் 48!

பழைய பெட்டி இல்லாதவர்களும், பெரிய வீடு உள்ளவர்களும், மெஷ் என்னும் கூட்டு அமைப்பை வாங்கலாம். இரண்டு மூன்று பெட்டிகள் தமக்குள் பேசிக்கொண்டு ஒரே வலையாக இயங்கும். அவற்றையும் கம்பியால் இணைக்க முடிந்தால் மிக நன்று.

பெற்றோர் கேட்ட வினாக்கள்

எங்கள் ஆராய்ச்சியை அறிவியற் கண்காட்சியில் வைத்தபோது பெற்றோர் சிலர் வினவியவற்றிற்கு இங்கே விடை தருகிறோம்.

கைப்பேசிக் கோபுரத்தின் அலையே வீட்டிற்குள் எட்டவில்லை என்றால் என்ன செய்வது? பல கைப்பேசிகளில் 'வைஃபை அழைப்பு' என்ற வசதி உண்டு. அதனை இயக்கிவிட்டால், சாதாரண அழைப்பும் வீட்டு வைஃபை வழியாகவே செல்லும். அதைவிடுத்து, கோபுர அலையைப் பெருக்கும் கருவிகளை அனுமதியின்றி வாங்கிப் பொருத்துவது நம் நாட்டில் சட்ட விரோதம். அது சுற்றிலும் உள்ளோரின் இணைப்பையும் கெடுக்கும்.

இவ்வலைகள் உடலுக்குத் தீங்கு செய்யுமா? வீட்டு ரூட்டர் வெளியிடும் ஆற்றல் மிகச் சிறியது. இரவு விளக்கின் ஆற்றலைவிட மிகக் குறைவு. இத்தகைய வலுக்குறைந்த அலைகள் உடல்நலத்திற்குக் கேடு விளைவிப்பதாக நம்பத்தகுந்த சான்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2006ஆம் ஆண்டில் அறிவித்தது.

கடவுச்சொல் அவசியமா? மிக அவசியம். பூட்டாத வீட்டிற்குள் யாரும் நுழையலாம். பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றி, பிறர் எளிதில் ஊகிக்க இயலாத நீண்ட சொல்லை வைத்தல் வேண்டும்.

உங்களுக்கு ஒரு பயிற்சி

தோழியரே! அடுத்த விடுமுறை நாளில் உங்கள் வீட்டின் படத்தை வரையுங்கள். ரூட்டர் இருக்கும் இடத்தையும், பீரோ, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றையும் குறியுங்கள். அறைதோறும் அளந்து எண்ணை எழுதுங்கள். பின்பு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மீண்டும் அளந்து பாருங்கள். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால், எதனால் பயன் விளைந்தது என்று அறிய இயலாது. ஆய்வுக்கூடத்தில் நாம் கற்ற இவ்விதி வீட்டிற்கும் பொருந்தும்.

இறுதியாக ஒரு செய்தி. கம்பி இழுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை மாலை, நாங்கள் ஐவரும் பின்கட்டு அறையின் வாசலில் நின்றிருந்தோம். அழைப்பு வந்தது. தந்தையின் முகம் அசையாமல் உறையவில்லை, தெளிவாக நின்றது. ஆச்சி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகுநேரம் உற்றுப் பார்த்தார்கள். பிறகு, "உனக்கு இவ்வளவு நரைத்துவிட்டதேடா, ராசா!" என்றார்கள். இத்தனை மாதங்களாக மங்கலான படத்தில் அவர்கள் அதைக் கண்டதில்லை.

அன்றைய பேச்சு முக்கால் மணி நேரம் நீடித்தது. தொலைவில் இருப்பவர் பேச விரும்பவில்லை என்று நாம் எண்ணும்போது, சிலவேளைகளில் நடுவே ஓர் இரும்பு பீரோ மட்டுமே நிற்கக்கூடும். அதைச் சற்று நகர்த்திப் பார்ப்போமாக!

விஞ்ஞான மன்ற மாணவியர் ஐவர்
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு